புன்னகையும் வஞ்சனையும்: இரவுச் சந்தையில் அந்நியரும் உள்ளூராரும்

1

உல்லாசப் பிரயாணம் பற்றிய எழுத்துக்களில் தாய்லாந்து பெறும் இடம் தனித்து நோக்கத்தக்கது. விளம்பரங்கள் அந்நாட்டைப் 'புன்னகையின் நாடு' என வருணிக்கின்றன. அதே நாட்டின் இரவுக் கேளிக்கைத் தெருக்களைப் பற்றி, அங்கு சென்று மீண்ட மேனாட்டாரும் அங்கேயே குடியமர்ந்த மேனாட்டாரும் எழுதியுள்ள நாவல்களும் நினைவுக் குறிப்புகளும் பிறிதொரு சித்திரத்தைத் தருகின்றன. கூடுதற் கூலி கேட்கும் வண்டிக்காரன், குடிக்காத மதுவுக்கும் கணக்கெழுதும் மதுச்சாலை, காதல் பேசிக் காசு பறிக்கும் பெண் ஆகியோர் அச்சித்திரத்தின் நிரந்தரப் பாத்திரங்கள்.

இவ்விரு சித்திரங்களும் ஒன்றுக்கொன்று முரணானவை போலத் தோன்றினும் அடிப்படையில் ஒன்றையே கூறுகின்றன. உள்ளூராரின் நடத்தைக்குக் காரணம் அவர்தம் 'தேசிய குணம்' என்பதே இரண்டிற்கும் பொதுவான எடுகோள். நல்ல அனுபவம் பெற்றவன் அக்குணத்தை இனிமை என்கிறான். பணத்தைப் பறிகொடுத்தவன் அதனையே வஞ்சனை என்கிறான். பாங்கொக் நகரின் பட்பொங் தெருவிலும் பட்டாயாக் கடற்கரையிலும் அந்நியர் நடத்தப்படும் முறையினை, ஒரு குறிப்பிட்ட வரலாற்றுக் கட்டத்தில் உருவாக்கப்பட்ட தொழிலொன்றின் உறவுமுறையாகவே விளங்கிக்கொள்ளுதல் வேண்டும் என்பது எமது கருத்து. புன்னகையும் வஞ்சனையும் அவ்வுறவு ஒரே மனிதரிடத்தில் வேண்டி நிற்கும் இரு முகங்களாகும். இக்கருத்தினை நிறுவ மூன்று ஆக்கங்களை எடுத்துக்கொள்கிறோம்: அவுஸ்திரேலியரான டெனிஸ் ஓ'றூர்க்கின் 'பாங்கொக்கின் நல்ல பெண்' என்னும் திரைப்படம் (1991), பிரெஞ்சு எழுத்தாளர் மிஷெல் உவெல்பெக்கின் 'பிளாற்ஃபோர்ம்' என்னும் நாவல் (2001), ரத்தாவுத் லாப்சரொயென்சாப் ஆங்கிலத்தில் எழுதிய 'சைற்சீயிங்' என்னும் சிறுகதைத் தொகுதி (2005). ஆக்கங்களுக்கு முன் அவை பிறந்த களத்தை நோக்குதல் அவசியமாகின்றது.

2

பட்பொங் தெரு பாங்கொக்கின் புராதனப் பகுதியன்று. 1946இல் சீன வம்சாவளிக் குடும்பமொன்று வாங்கிய வாழைத்தோட்ட நிலமே அக்குடும்பத்தின் பெயரால் பின்னர் பட்பொங் ஆயிற்று. தொடக்கத்தில் அங்கு குடிபுகுந்தவை விமானக் கம்பனிகளும் வெளிநாட்டு வர்த்தக நிறுவனங்களுமாகும். அதனை இரவுத் தெருவாக மாற்றியது வியட்நாம் யுத்தம். 1960களின் இறுதியில் தாய்லாந்தின் தளங்களில் ஏறத்தாழ 50,000 அமெரிக்கப் படையினர் நிலைகொண்டிருந்தனர். இவர்கள் போதாதென்று, 1967இல் இரு அரசுகளும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி வியட்நாமிற் போரிட்டோரும் 'ஓய்வுக்கும் களிப்புக்கும்' அங்கு அனுப்பப்பட்டனர். மீனவர் கிராமமாயிருந்த பட்டாயா, ஊத்தப்பாவோ விமானத் தளத்துக்கு அண்மையிலிருந்த காரணத்தாலேயே கேளிக்கை நகராயிற்று.

சட்டத்தின் போக்கும் கவனத்திற்குரியது. 1960இல் இயற்றப்பட்ட சட்டம் பாலியல் தொழிலைக் குற்றமாக்கிற்று. 1966இல் இயற்றப்பட்ட சட்டம் கேளிக்கை நிலையங்களுக்கு அனுமதிப்பத்திரம் வழங்க வழி செய்தது. உழைப்பவள் குற்றவாளி, உழைப்பு நடைபெறும் இடத்தின் உடைமையாளன் அனுமதி பெற்ற வர்த்தகன் என்ற நிலை இவ்வாறு தோன்றியது. இவ்விடைவெளியிலேதான் பொலிசாரின் கையூட்டு நிலைகொண்டது. 1960ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 1996இல் வந்த சட்டம் தண்டனைகளை மாற்றியதேயன்றி இவ்வடிப்படை ஏற்பாட்டை மாற்றவில்லை.

1976இல் அமெரிக்கப் படைகள் வெளியேறிய பின் வெறுமையான அறைகளை உல்லாசப் பிரயாணிகள் நிரப்பினர். பாங்கொக்கின் சொய் கௌபோய் என்னும் ஒழுங்கை, அமெரிக்க விமானப்படையிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவர் 1977இல் அங்கு மதுச்சாலை திறந்ததனாலும் அவர் அணிந்திருந்த தொப்பியினாலும் அப்பெயர் பெற்றது. படையினன் குடியேறியாகவும், குடியேறி முதலீட்டாளனாகவும் மாறிய வரலாறு அவ்வொழுங்கையின் பெயரிற் பொதிந்துள்ளது. 1980இல் துணைப் பிரதமராயிருந்த பூன்சூ ரொஜனஸ்தியென், மாகாண ஆளுநர்களுக்கு ஆற்றிய உரையொன்றில், அருவருப்பெனக் கருதக்கூடிய கேளிக்கைகளையும் உல்லாசப் பிரயாணிகளின் பொருட்டு ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொண்டார். அந்நியச் செலாவணி அரச கொள்கையாகும்போது அறமும் அதற்கேற்ப வளைகின்றது.

இத்தெருக்களில் அந்நியரை எதிர்கொள்ளும் 'உள்ளூரார்' யாவர்? மதுச்சாலைப் பெண்களிற் பெரும்பாலோர் இசான் எனப்படும் வடகிழக்கு மாகாணங்களிலிருந்தும் வடக்கிலிருந்தும் வந்தவர்கள். இசானின் மொழி லாவோ மொழிக்கு நெருங்கியது. அதனைப் பேசுவோர் தலைநகரத்தாரின் ஏளனத்துக்கு ஆளாவோர். நகரத்துக்கு மலிவாக அரிசி கிடைக்க வேண்டுமென்பதற்காக அரசு நெல் ஏற்றுமதி மீது விதித்த தீர்வை, 1986இல் நீக்கப்படும் வரை பல தசாப்தங்களாக விவசாயி பெற்ற விலையைத் தாழ்த்தி வைத்திருந்தது. கிராமத்தின் நெல்லை மலிவாக்கிய அதே ஏற்பாடு கிராமத்துப் பெண்களையும் நகருக்கு அனுப்பியது. பாசுக் பொங்பைச்சித் 1982இல் சர்வதேச தொழில் ஸ்தாபனத்தின் வெளியீடாகக் கொணர்ந்த ஆய்வு, பாங்கொக்கில் உடம்புபிடி நிலையங்களிற் பணிபுரிந்த 50 பெண்களைக் கண்டு பேசி எழுதப்பட்டது. அப்பெண்கள் குடும்பத்திலிருந்து ஓடி வந்தவர்களல்லர், குடும்பத்தைத் தாங்க வந்தவர்கள் என்பதே அவ்வாய்வின் முடிவு. ஆகவே பட்பொங்கில் அந்நியனை வரவேற்பவள் தானும் அந்நகருக்கு அந்நியள். அந்நகரின் உண்மையான உரிமையாளர், அதாவது நிலவுடைமையாளரும் அனுமதிப்பத்திரதாரரும், அந்நியன் கண்ணிற் படுவதேயில்லை. தாய்லாந்தின் பாலியல் தொழிலில் வாடிக்கையாளரிற் பெரும்பான்மையோர் உள்ளூர் ஆடவரே என்பதையும் இவ்விடத்து மனங்கொள்ளல் வேண்டும். அந்நியருக்கான தெரு அத்தொழிலின் விளக்கேற்றிய முகப்பு மட்டுமே.

3

மேனாட்டாரைத் தாய் மொழி 'ஃபராங்' என்கிறது. பாரசீகத்தின் வழி ஆசியாவெங்கும் பரவிய, ஃபிராங்கு இனத்தாரைக் குறித்த பழஞ்சொல்லின் வடிவமே இது. நாம் வழங்கும் 'பறங்கி' என்பதும் அதன் உடன்பிறப்பு. தாய் மொழியில் கொய்யாப் பழத்துக்கும் ஃபராங் என்றே பெயர். தமிழிற் பூசணி பறங்கிக்காய் ஆயிற்று. கப்பலில் வந்த மனிதனுக்கும் அவனோடு வந்த காய்கனிக்கும் ஒரே பெயரிட்ட இரு சமுதாயங்கள் இவை. இலங்கையில் ஒரு நோய்க்கும் அப்பெயர் வழங்கியமை, அவ்வரவினை எம் முன்னோர் எவ்வாறு மதிப்பிட்டனர் என்பதற்குச் சான்று.

தாய் மொழி இத்துடன் நிற்கவில்லை. கொய்யாவில் 'பறவை எச்சம்' என்னும் அடைமொழி பெற்ற சிறிய தாழ்ந்த இனமொன்று உண்டு. கையில் காசில்லாத, அல்லது காசை இறுகப் பிடிக்கும் மேனாட்டானை அக்கொய்யாவின் பெயரால் அழைப்பர். நிறத்தாலும் தேசத்தாலும் ஒரே தொகுதியினராகத் தோன்றும் அந்நியரை உள்ளூர் வழக்கு மடிசீலையின் கனத்தால் வகுத்து வைத்துள்ளது என்பது இதனாற் புலனாகும். இனப் பெயர் போல ஒலிக்கும் சொல் வர்க்கப் பெயராகத் தொழிற்படுகின்றது. பட்பொங்குக்குப் பக்கத்துத் தெருவான தனியாவில் யப்பானிய வர்த்தகருக்கென அமைந்த விடுதிகள் பல, பிறரை உள்ளே விடுவதில்லை. பக்கத்துத் தெருவில் அனைவரையும் கையைப் பிடித்து அழைக்கின்றனர். ஓரிரவில், ஒரே மக்கள், சில நூறு அடி இடைவெளியில் இருவேறு விதமாக அந்நியரை நடத்துவதற்குத் தேசிய குணம் விளக்கமாகாது.

காட்சித்தலங்கள் பலவற்றில் அனுமதிக் கட்டணம் இரண்டு. அந்நியருக்கான தொகை அரபு எண்ணில் இருக்கும்; தாய் மக்களுக்கான குறைந்த தொகை தாய் எண்ணில் எழுதப்பட்டிருக்கும். அந்நியன் வாசிக்க மாட்டான் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்ட எழுத்து அது. எங்கள் நாட்டிலும் சீகிரியாவில் அந்நியர் செலுத்துவது உள்ளூரார் செலுத்துவதிலும் பல மடங்கு. அரசு இதனைச் செய்யும்போது வருமானக் கொள்கை எனப்படுகின்றது; வண்டிக்காரன் செய்யும்போது மோசடி எனப்படுகின்றது.

4

புன்னகை எவ்வாறு உற்பத்தியாகின்றது என்பதை மதுச்சாலையின் கணக்குப் புத்தகம் காட்டும். அங்குள்ள பெண்ணுக்குக் கிடைக்கும் அடிப்படைச் சம்பளம் சொற்பம். வாடிக்கையாளன் அவளுக்கென வாங்கும் மதுவில் அவளுக்கு ஒரு பங்கு உண்டு. மாதமொன்றுக்கு இத்தனை கோப்பை என்று கணக்கும் உண்டு. அவளை வெளியே அழைத்துச் செல்பவன் முதலிற் கடைக்கு ஒரு தொகை செலுத்துதல் வேண்டும். 'பார் ஃபைன்' என்று அதற்குப் பெயர். தொழிலாளி வெளியேறுவதற்கான தண்டம் என்பதே அச்சொல்லின் பொருள். பிந்தி வந்தால் வெட்டு, கணக்குக் குறைந்தால் வெட்டு. இந்நிலையில் ஒருத்தி சிரிப்பது அவள் இசான் மாகாணத்தவள் என்பதாலன்று. சிரிப்பு அவளது வேலையின் கருவி. விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்த ஆர்லி ஹொக்ஷீல்ட் 1983இல் வெளியிட்ட நூலில் உணர்ச்சியும் கூலிக்கு விற்கப்படும் உழைப்பாகிவிட்டதை விளக்கினார். அக்கருத்துக்கு இதனினும் தெளிவான களம் கிடைத்தல் அரிது.

வஞ்சனைக்கும் இவ்வாறே ஒரு பொருளாதாரம் உண்டு. 'ருக் ருக்' எனப்படும் முச்சக்கர வண்டியோட்டிகளிற் பலர் வண்டியை நாள் வாடகைக்கு எடுப்பவர்கள். பிரயாணியை இரத்தினக்கல் கடைக்கோ தையற்கடைக்கோ கொண்டு சென்று இறக்கினால், அவன் எதையும் வாங்காவிடினும், எரிபொருட் சீட்டுக் கிடைக்கும். பிரயாணியின் கோபம் வண்டியோட்டியின் முகத்தோடு நின்றுவிடுகின்றது. கடைக்காரனின் இலாபம் அக்கோபத்துக்கு எட்டாத தூரத்தில் இருக்கின்றது.

எரிக் கோஹென் 1980களில் வெளியிட்ட ஆய்வுகள் இவ்வுறவின் மற்றொரு நுணுக்கத்தைக் காட்டின. காசுக்கும் பாசத்துக்கும் இடையிலான எல்லை இங்கு வேண்டுமென்றே மங்கலாக்கப்படுகின்றது. விலை பேசாமலிருப்பதே நீண்டகால வருமானத்துக்கு வழி. ஊர் திரும்பிய ஆடவன் கடிதம் எழுதுகிறான், பணம் அனுப்புகிறான், அவள் மறுமொழி எழுதுகிறாள். ஆங்கிலம் எழுதத் தெரியாதவளுக்காகக் காசு வாங்கிக் கடிதம் எழுதிக் கொடுப்போரும் இருந்தனர். காதற் கடிதம் என்னும் இலக்கிய வடிவம் கைத்தொழிலாகிய கதை இது. இதனால் அவள் கூறியதனைத்தும் பொய் என்று முடிவு செய்வதும் தவறாகும். அவளுக்கே எது உண்மை என்பது நிச்சயமில்லாத நிலையை அவ்வுறவு தோற்றுவிக்கின்றது என்பதே கோஹெனின் ஆய்வு உணர்த்தும் செய்தி.

நெடுங்காலம் தங்கிவிட்ட மேனாட்டான் வேறொரு சிக்கலில் அகப்படுகின்றான். தாய்லாந்தில் அந்நியர் நிலம் உடைமையாக வைத்திருக்கச் சட்டம் இடமளிப்பதில்லை. வீடும் கடையும் பெரும்பாலும் உள்ளூர் மனைவியின் அல்லது பங்காளியின் பெயரில் இருத்தல் வேண்டும். வீட்டை இழந்த அந்நியனின் புலம்பல் அங்கு ஒரு தனி நாவல் வகையாகவே வளர்ந்துள்ளது. அந்நாவல்களிற் பெண் எப்பொழுதும் திட்டமிட்டு ஏமாற்றுபவள். பொருள் கருதும் பெண்ணின் அன்பு பொய் என்ற இக்குற்றச்சாட்டு எமக்குப் புதியதன்று. திருக்குறளின் 'வரைவின் மகளிர்' அதிகாரமும் அதனையே பேசுகின்றது. விற்பவளின் பொய்யைக் கண்டிக்கும் அறநூல் வாங்குபவனின் செல்வம் எங்கிருந்து வந்தது என்று கேட்பதில்லை. எமது மரபு பற்றியும் நாம் இக்கேள்வியை எழுப்பியே ஆதல் வேண்டும்.

5

இனி ஆக்கங்களை நோக்குவாம். உவெல்பெக்கின் நாவலில், பாரிசில் அரச அலுவலனாயிருக்கும் மிஷெல் தாய்லாந்துக்குப் பிரயாணம் செய்கிறான். பின்னர் பிரயாணத் தொழிலில் உயர்பதவி வகிக்கும் தன் காதலியுடன் சேர்ந்து பாலியல் உல்லாச விடுதிகளுக்குத் திட்டம் வகுக்கின்றான். மேற்கில் பணமுண்டு, இன்பமில்லை; ஏழை நாடுகளில் உடலன்றி விற்பதற்கு வேறொன்றுமில்லை; இரண்டையும் சேர்த்துவிட்டால் இரு தரப்பும் பயன்பெறும் என்பது அவனது வாதம். நாவலாசிரியர் இதனை ஏளனமாகச் சொல்கிறாரா, ஏற்றுச் சொல்கிறாரா என்று விமர்சகர் வாதிட்டனர். எமக்கு முக்கியமானது அவ்வாதத்தின் வடிவம். பரிவர்த்தனை அரங்கில் வாங்குவோனும் விற்போனும் சமமானவர்களாகத் தோன்றுவர் என்றும், உற்பத்தி நடைபெறும் மறைவிடத்துக்குள் நுழைந்ததும் அச்சமத்துவம் மறையும் என்றும் மார்க்ஸ் 'மூலதனம்' முதற் பாகத்திற் காட்டினார். உவெல்பெக்கின் நாவல் அம்மறைவிடத்தின் வாயிலிலேயே நின்றுவிடுகின்றது. ஐரோப்பியனின் வெறுமையைக் கூர்மையாக ஆராயும் ஆசிரியருக்குத் தாய்ப் பெண்ணின் வாழ்வு, கட்டிலருகே சில வரிகளில் முடிந்துவிடும் செய்தி. அவளுக்குக் கடன் உண்டா, கிராமம் உண்டா, அவள் அவனைப் பற்றி என்ன நினைக்கிறாள் என்ற வினாக்களுக்கு அந்நாவலில் இடமில்லை. அவனது 'சமமான' பரிவர்த்தனை நிலைத்து நிற்பதே அவ்வினாக்கள் எழாமையினாற்றான்.

ஓ'றூர்க்கின் திரைப்படம் இவ்வினாக்களைக் கேட்கின்றது என்பதே அதன் சிறப்பு. அவர் பட்பொங்கில் ஒரு பெண்ணின் வாடிக்கையாளராகவே சென்று, அவளைப் படமாக்குகிறார். அவளது கசப்பும் கிராமத்து உறவினரின் பேச்சும் படத்தில் இடம்பெறுகின்றன. தொழிலை விடும்பொருட்டு அவளுக்கு நெல்வயல் வாங்கிக் கொடுக்கிறார். ஓராண்டின் பின் திரும்பிச் சென்றபோது அவள் வயலில் இல்லை; பாங்கொக்கில் மீண்டும் தொழிலிலிருந்தாள். தனது விதி என்பதே அவளது விளக்கம்.

படத்தின் தலைப்பு பேர்டோல்ட் பிறெக்டின் 'செற்சுவானின் நல்ல பெண்' நாடகத்தை நினைவுபடுத்துவது. நல்லவர் ஒருவரையேனும் தேடி மூன்று தெய்வங்கள் அந்நகருக்கு விருந்தாளிகளாக வருகின்றன. இடம் கொடுப்பவள் ஷென் தே என்னும் விலைமகள் மட்டுமே. தெய்வங்கள் கொடுத்த பணத்தில் அவள் புகையிலைக் கடை திறக்கிறாள். தேவையுடையோர் அனைவரும் அவளை மொய்க்கின்றனர். நல்லவளாக இருந்து கடையைக் காக்க முடியாதென்று கண்டவள், ஷுய் தா என்னும் இரக்கமற்ற மைத்துனனாக வேடமிடுகிறாள். ஈற்றில் நீதிமன்றத்தில் தெய்வங்களிடம் உண்மையைச் சொல்லும்போது, அவை மைத்துனன் மாதமொரு முறை வந்து போகலாம் என்று அனுமதித்துவிட்டு மேகத்திலேறி மறைகின்றன.

ஓ'றூர்க் தலைப்பை எடுத்துக்கொண்டார். அந்நாடகத்தில் தமக்குரிய பாத்திரம் எது என்பதைப் படம் முற்றாக உணர்ந்ததாகத் தெரியவில்லை. வயலைக் கொடுத்துவிட்டு விமானத்தில் ஏறியவர் அத்தெய்வங்களின் இடத்தையே வகிக்கின்றார். நெல்லின் விலை, கிராமத்தின் கடன், நகரத்தின் கூலி ஆகியவற்றை அவரது கொடை தொடவில்லை. தனி மனிதரின் கருணை தனி மனிதரின் காமத்தைப் போன்றே உறவை அப்படியே விட்டுச் செல்கின்றது. எனினும் பிறெக்டைத் துணைக்கொண்டால், பட்பொங்கின் இரு முகங்களும் எமக்கு விளங்கிவிடுகின்றன. சிரிப்பவள் ஷென் தே. கணக்கைக் கூட்டி எழுதுபவள் ஷுய் தா. இருவரும் ஒருத்தியே.

இங்கு முற்போக்காளரிடையே காணப்படும் ஒரு மயக்கத்தையும் களைதல் வேண்டும். அந்நியனை ஏமாற்றுவது ஒரு வகை எதிர்ப்பு, சுரண்டப்பட்டவரின் பழிவாங்கல் என்று சிலர் கொண்டாடுவதுண்டு. ஷுய் தாவின் முடிவு என்ன என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். அவன் புகையிலை ஆலை அமைத்து, முன்பு ஷென் தே உணவளித்த அதே ஏழைகளை அங்கு வேலைக்கு அமர்த்திப் பிழிகின்றான். மதுச்சாலைகளில் இளம் பெண்களை மேற்பார்வை செய்யும் 'மாமாசான்'களிற் பலர் முன்பு அதே மேடையில் நின்றவர்கள். தனி வஞ்சனையால் தப்புவோர் ஏறிச் செல்வது அடுத்தவள் தோளின் மீதே.

ரத்தாவுத்தின் 'ஃபராங்ஸ்' என்னும் கதை இரவுத் தெருவினுடையதன்று. அதே தொழிலின் பகற்பொழுதைத் தீவொன்றிற் காட்டுவது. கதைசொல்லும் இளைஞன், விட்டுப் போன அமெரிக்கப் படையினனுக்கும் விடுதி நடத்தும் தாய்ப் பெண்ணுக்கும் பிறந்தவன். எந்த மாதத்தில் எந்நாட்டார் வருவர் என்பதே அத்தீவின் பஞ்சாங்கம். நெல் விதைப்பும் அறுப்பும் அளந்த காலத்தைப் பிரயாணிகளின் வருகை அளக்கத் தொடங்கியதை இதனினும் சுருக்கமாகக் கூறவியலாது. மாமன் யானைச் சவாரி விற்கிறான். தாய் வருவோரை வெறுத்துக்கொண்டே அறை கொடுக்கிறாள். மகன் மீண்டும் மீண்டும் வந்து போகும் பெண்களிடம் மனத்தை இழக்கிறான். உள்ளூரார் என்போர் ஒரு மனத்தினரல்லர் என்பதனை இக்கதை ஒரே குடும்பத்துக்குள் காட்டுகின்றது. பார்க்கப்படுவோர் பார்ப்போராக மாறும் பார்வை மாற்றமே அதன் அரசியல். காரபாவ் இசைக்குழு 1987இல் வெளியிட்ட 'வெல்கம் டு தாய்லான்ட்' என்னும் பாடலும் இவ்வகையினதே. அரசு அவ்வாண்டினை உல்லாசப் பிரயாண ஆண்டாகப் பிரகடனஞ் செய்திருந்த வேளையில், வரவேற்புரையின் சொற்களையே அது கிண்டலாகத் திருப்பிப் பாடிற்று. எனினும் கதையின் இளைஞனும் பாடலின் குரலும் ஆண்களுடையவை. பட்பொங் பெண் தன் குரலில் பேசும் எழுத்து இன்னும் அரிதாகவே உள்ளது.

அக்குரல் எழுவதற்கான முயற்சி இலக்கியத்துக்கு வெளியே தொடங்கியுள்ளது. 1985இல் பட்பொங்கில் தோன்றிய 'எம்பவர்' அமைப்பு முதலிற் செய்த பணிகளுள் ஒன்று, மதுச்சாலைப் பெண்களுக்கு ஆங்கிலம் கற்பித்தது. வாடிக்கையாளனிடம் பேரம் பேசவும் மறுக்கவும் மொழி வேண்டும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். 2006இல் சியாங்மாய் நகரில் தொழிலாளர்களே நடத்தும் மதுச்சாலையொன்றினை அவ்வமைப்புத் திறந்தது. இதனை விடுதலை என்று மிகைப்படுத்த நாம் விரும்பவில்லை. ஆயின் தெய்வங்களின் கொடைக்கும் ஷுய் தாவின் தந்திரத்துக்கும் அப்பால், கூட்டாக நின்று வேலை நிபந்தனைகளை மாற்ற முயன்ற மூன்றாவது வழி அது. பிறெக்ட் தமது நாடகத்தின் முடிவைப் பார்வையாளரிடம் விட்டுச் சென்றதன் நோக்கமும் அத்தகைய வழியைத் தேடச் செய்வதே.

6

இவை பிறநாட்டுச் செய்திகள் என்று நாம் ஒதுக்கிவிட இயலாது. 1966இல் சுற்றுலாச் சபை நிறுவப்பட்டது முதலாக, சிறப்பாக 1977இன் திறந்த பொருளாதாரத்தின் பின், எமது நாட்டின் கரையோரமும் இதே பாதையிற் சென்றுள்ளது. 2024 பெப்ரவரியில் உனவட்டுனவில் ரஷ்யக் குடியேறிகள் ஏற்பாடு செய்த இரவு விருந்தொன்றின் விளம்பரம், வெள்ளை நிறத்தோரே அனுமதிக்கப்படுவர் எனப் பொருள்படும் வாசகத்தைக் கொண்டிருந்தது. பெரும் கண்டனம் எழுந்ததும் விருந்து கைவிடப்பட்டது. கண்டனம் நியாயமானது. ஆயின் அக்கண்டனத்திற் பெரும்பகுதி தேசிய மானம் பற்றியதாகவே அமைந்தது. அக்கடற்கரைகளில் இரவு வேலை செய்யும் சமையலாள், பரிசாரகன், முச்சக்கர வண்டியோட்டி ஆகியோரின் கூலியும் நிலத்தின் வாடகையும் அவ்வளவு கவனம் பெறவில்லை. நிறத்தால் விலக்கப்பட்டபோது கொதித்தெழுந்த நாம், விலைப்பட்டியலால் எமது மக்கள் அதே கடற்கரையிலிருந்து நாள்தோறும் விலக்கப்படுவதைப் பெரிதாகப் பேசுவதில்லை.

'உல்லாசப் பிரயாணி' என்று நாம் வழங்கும் சொல்லிலேயே ஒருவரின் உல்லாசம் மட்டும் பதிவாகியுள்ளது. மற்றவரின் வேலை பதிவாகவில்லை. விருந்தோம்பல் என்ற பழம்பெரும் அறச்சொல் இன்று ஒரு தொழிற்றுறையின் பெயராகிவிட்டது. இவ்விரு சொற்களுக்குமிடையில் மறைந்துபோன உழைப்பை மீட்டுக் காட்டும் கதைகளும் நாவல்களும் எமது கரையோரங்களிலிருந்து, நீர்கொழும்பிலிருந்தும் ஹிக்கடுவையிலிருந்தும் அறுகம்குடாவிலிருந்தும், சிங்களத்திலும் தமிழிலும் எழுதப்படுதல் வேண்டும். அவை அந்நியனைக் கொடியவனாகவோ உள்ளூரானை அப்பாவியாகவோ தீட்டவேண்டியதில்லை. இரவு முடிந்து கடை அடைக்கப்படும் வேளையில் கல்லாப்பெட்டியிலுள்ள பணம் யாரிடம் செல்கிறது, யாரிடம் செல்லவில்லை என்பதை அவை எழுதினாற் போதுமானது.